கரண்ட் போன பிறகும் படித்தவர்கள்

மயிலாப்பூர்
8.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு ஷகீலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் மச்சானும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அண்ணியும் மகள் ரூஹியும் எப்படி இருக்கிறார்கள்? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போனிலேயே கேட்கலாமே என்பீர்கள். போனில் கேட்டால் "நல்லாக்கீறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறீர்கள். ஆம்பூருக்கு மாப்பிள்ளையாகப் போன நாளிலிருந்து உங்களிடம் நாலு வரி வாங்க வேண்டுமென்றால் தாளும் தபால்காரரும்தான் வழி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கண் மையம் திறந்தாகிவிட்டது! கால்வாய் ஓரத்து ஹவுசிங் போர்டில் கீழ்த்தளத்து அறை. கண்ணைப் பரிசோதிக்க நான் ஒருத்தி. ஒரு கேமரா, ஒரு திரை. நான் கண்ணைப் படமெடுத்து அனுப்பினால் ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரியில் இருந்து டாக்டர் ஷ்ரேயா திரையில் வந்து பேசுவார். கண்ணாடி வேண்டியவர்களுக்கு அன்றைக்கே கண்ணாடி. ஆபரேஷன் வேண்டியவர்களை வேனில் அழைத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து விடுவோம். முகாம் போடுகிறவர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் போகமாட்டோம். ஒரு வருடத்துக்குள் இந்த மையம் தன் காலில் நிற்கும், வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். போன மாதம் ஆதம்பாக்கம் கல்யாணத்துக்கு வந்தபோது தி.நகர் பஸ் ஸ்டாண்டில் நின்றோமே. எதிரில் வந்து நின்ற 12பி-யைப் பார்த்து "இது எந்த பஸ்சு?" என்று என்னிடம் கேட்டீர்கள். நம்பர் தெரியவில்லையா, கவனிக்கவில்லையா? பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஷகீலா

*

ஆம்பூர்
27.1.2025

அன்புத் தங்கை ஷகீலாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது. ரூஹி பரீட்சைக்குப் படிக்கிறாள்.

மையம் திறந்தது கேட்டு ரொம்ப சந்தோஷம். சின்ன வயதில் என் சைக்கிள் பெல்லைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவள் நீ. இப்போது ஊரார் கண்ணுக்குள் பார்க்கிறாய்.

ஷூ கம்பெனி பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐம்பத்திரண்டு பெண்கள். காலையில் ஏழு கிராமத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், சாயங்காலம் கொண்டுபோய் விடுகிறேன். மற்ற டிரைவர்கள் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவார்கள். நான் இருட்டில் யாரையும் நடக்க விடுவதில்லை, அவரவர் தெருமுனை வரைக்கும் பஸ்ஸைக் கொண்டுபோகிறேன். பதினாறு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. ஏப்ரலில் டிரைவர்களுக்கு வருடாந்தர ஃபிட்னஸ் பரிசோதனை வரும், அது வழக்கமானதுதான்.

குளிர் ஜாஸ்தி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
உபைத்

*

மயிலாப்பூர்
15.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல்.

என் கேள்விக்குப் பதிலைக் காணோம். சரி, இருக்கட்டும். இதைக் கேளுங்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது.

முதல் மாதம் வந்த பெண்களில் பாதிப் பேருக்குக் கண் தங்கமாக இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், எழுத்து சார்ட்டைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார்கள். எனக்கே பெருமையாகிவிட்டது. மூன்றாவது மாடி அஃப்சருன்னிசா ஆரி வேலை செய்பவர், தி.நகர் கடைகளுக்கு ஜாக்கெட்டில் பூ போட்டுக் கொடுப்பவர். போன செவ்வாய்க்கிழமை அவர் படித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. சார்ட்டுக்குப் பின்னால் இருக்கும் விளக்கு அணைந்தது. ஜன்னலுக்குத் திரை போட்ட அறை, கும்மிருட்டு. அவர் நிறுத்தவே இல்லை! "த, ப, க, ய, ர, ம" என்று கடைசி வரியை முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"சார்ட்டே தெரியலையே, எதைப் படிச்சீங்க?" என்றேன்.

"இன்னாம்மா நீ, கரெக்டா சொல்லிக்கினு கீறேன்ல? கரண்ட் போனா என் தப்பா?" என்கிறார்.

அப்புறம்தான் புரிந்தது. வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு உள்ளே படிப்பது கேட்கிறது. முன்னால் இருப்பவர் படிப்பதைக் கேட்டுப் பின்னால் இருப்பவர் மனப்பாடம் செய்கிறார். மறந்துபோனால் ஜன்னல் வழியாக எடுத்துக்கொடுக்க ஆள் வேறு! ஏன் இப்படி என்று கேட்டேன். "கண்ணு போச்சுன்னு கடைக்காரனுக்குத் தெரிஞ்சா வேலை குடுப்பானா?" என்றார். எவ்வளவு அசட்டுத்தனம் பாருங்கள். யாரை ஏமாற்றுகிறார்கள்?

அவருக்குக் கண்ணாடி போட்டு ஊசியைக் கையில் கொடுத்தேன். ஒரே தடவையில் நூல் கோத்துவிட்டு என்னை முறைத்தார். "இதை ரெண்டு வருசம் முன்னாடி தந்துருக்கக் கூடாதா?"

தங்கை,
ஷகீலா

*

ஆம்பூர்
19.2.2025

அன்புத் தங்கைக்கு, ஸலாம். எல்லோரும் நலம்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. உடனே எழுதுகிறேன். உன் அண்ணி ஆச்சரியப்படுகிறாள்.

அஃப்சருன்னிசா கதையை வாசித்து நானும் சிரித்தேன். கெட்டிக்காரப் பெண்மணி. அந்த சார்ட்டில் மற்ற வரிகளில் என்ன இருக்கிறது? சும்மா தெரிந்துகொள்ளத்தான். எல்லா ஊரிலும் ஒரே சார்ட்டா, ஊருக்கு ஊர் மாறுமா? உன் தொழிலைப் பற்றி இத்தனை நாள் நான் எதுவும் கேட்டதில்லை, அது தப்புதானே. சாவகாசமாக எழுது.

அண்ணன்,
உபைத்

*

மயிலாப்பூர்
3.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் முபாரக். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? வண்டி ஓட்டுகிறவர், ஸஹருக்கு எழுந்து நன்றாகச் சாப்பிடுங்கள்.

நாலே நாளில் பதில் போட்டீர்கள்! அதிலும் என் வேலையைப் பற்றிக் கேட்டு! உங்கள் மச்சானிடம் கடிதத்தைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

சார்ட்டா? என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உச்சியில் பெரிய ப. அடுத்து ட, ம. அதற்குக் கீழே ர, க, ய. நாலாவது வரி ம, த, ப, ட. ஐந்தாவது க, ர, ட, ய, ம. கடைசி வரியைத்தான் ஏற்கனவே எழுதிவிட்டேனே. அதுவரை படித்தால் ஆறுக்கு ஆறு, நல்ல பார்வை. எங்கள் டிரஸ்டின் எல்லா மையத்திலும் இதே சார்ட்தான், உங்கள் ஆம்பூர் மையத்திலும். மொத்தமாக அச்சடித்து அனுப்பினார்கள்.

இங்கே மட்டும் நான் மாற்றிவிட்டேன். இப்போது சார்ட்டில் எழுத்தே கிடையாது. மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஒரே உருவம். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையைக் காட்டினால் போதும். ஒவ்வொருவருக்கும் நான் சார்ட்டைத் திருப்பி வைப்பேன், மனப்பாடம் எடுபடாது. எல்லா ஊருக்கும் இதை அனுப்பச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்க வைக்காமல் விடமாட்டேன்.

நேரத்தையும் மாற்றினேன். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு அடுப்பு மூட்டுவதற்குள் பெண்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் மையம் அவர்களுக்கு மட்டும். அஃப்சருன்னிசா வாசலில் உட்கார்ந்து ஆள் பிடிக்கிறார். "உள்ளே பாசும் கெடையாது, பெயிலும் கெடையாது, வா" என்கிறார். அதையே பலகையில் எழுதி மாட்டிவிட்டேன். கூட்டம் இரண்டு மடங்கு!

துஆ செய்யுங்கள்.

தங்கை,
ஷகீலா

*

ஆம்பூர்
12.4.2025

அன்புத் தங்கைக்கு, ஸலாம். பெருநாள் நல்லபடி முடிந்தது. நீ அனுப்பிய சுடிதார் ரூஹிக்குப் பொருத்தமாக இருந்தது.

ஒரு நல்ல செய்தி. இந்தத் தடவை ஃபிட்னஸ் பரிசோதனைக்கு உங்கள் டிரஸ்டின் ஆம்பூர் மையத்துக்காரர்கள் கம்பெனிக்கு வந்து எல்லா டிரைவர்களின் கண்ணையும் பார்த்தார்கள். ஷஃபியுல்லா என்ற பையன்தான் பரிசோதித்தான். நான் கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தேன். ஆறுக்கு ஆறு. "இந்த வயதில் இப்படியா!" என்று அவனே அசந்துபோனான். இன்னும் ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை.

நீ பஸ் நம்பர் பற்றிக் கேட்டிருந்தாய். இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

அண்ணன்,
உபைத்

*

மயிலாப்பூர்
17.4.2025

அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை அஃப்சருன்னிசாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எங்கள் வம்சத்துக்கே கண் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக. அவர் சிரிக்கவில்லை. "பஸ் நம்பரே தெரியாத ஆளுன்னு சொன்னியே? சார்ட்டை யார் அவருக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

சொல்லிக் கொடுத்தது நான்தான். வரி வரியாக எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டதும் எனக்கு வந்த பெருமையில் எதுவும் உறைக்கவில்லை.

உங்களிடம் முதலில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "நல்லாக்கீறேன்" என்பீர்கள். ஷஃபியுல்லாவுக்குப் போன் செய்து, என்னுடைய சீப்பு சார்ட் ஒன்றையும் அனுப்பி, உங்கள் கண்ணை அதில் மறுபடி பரிசோதிக்கச் சொல்லிவிட்டேன். அதுவரை உங்களை பஸ் எடுக்க விட வேண்டாம் என்றும் சொன்னேன். இந்தக் கடிதம் வருவதற்குள் கூப்பிட்டிருப்பார்கள். நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திட்டுங்கள். பேசாமல் இருங்கள். ஐம்பத்திரண்டு பெண்கள் அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

ஷகீலா

*

மயிலாப்பூர்
20.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனும் எடுப்பதில்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது. மையத்துக்கு நேற்று முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஷகீலா

*

ஆம்பூர்
2.6.2025

அன்பு ஷகீலாவுக்கு அண்ணி ஜுவேரியா எழுதுவது. ஸலாம். நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதிப் பழகியவள் இல்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அண்ணன் மறு பரிசோதனையில் மூன்றாவது வரியைக்கூடத் தாண்டவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. கிட்டத்தில் பேப்பர் படிக்க முடிகிறது, தூரம்தான் தெரியவில்லை. கம்பெனியில் பஸ் சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறார்.

மார்ச் மாதம் முழுக்க பாத்ரூமில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஏதோ துஆ ஓதுகிறார் என்று நினைத்து நானும் மனதுக்குள் ஆமீன் சொன்னேன். இப்போதுதான் தெரிகிறது, அது உன் ப, ட, ம.

போன வாரம் தங்கம் என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்து அழுதாள். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில் உட்காருபவள். "அக்கா, ரெண்டு வருஷமா நான்தான் அண்ணனுக்கு வழி சொல்லிட்டு வந்தேன். பாய் அண்ணே, மேடு வருது. பாய் அண்ணே, எதிர்ல டிராக்டர். எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளிய சொல்லல. தெருமுனை வரைக்கும் கொண்டாந்து விடற மனுஷன் வேற யாரு இருக்கா? ஆனா அக்கா, ரெண்டு வருஷமா நான் அந்த பஸ்ல கண்ண மூடினதில்ல" என்றாள்.

அதைக் கேட்கும் வரைக்கும் உன் மேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்கிறார்கள். அவரோ கண்ணில் கத்தி வைத்தால் இருக்கிறதும் போய்விடும், அப்புறம் ஸ்டோர்தான் கதி என்று பயப்படுகிறார். நீ சொன்னால்தான் கேட்பார், ஆனால் நீ சொல்வதைக் கேட்கவும் மாட்டார். என்ன செய்வது?

அண்ணி,
ஜுவேரியா

*

மயிலாப்பூர்
9.6.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும், அஸ்ஸலாமு அலைக்கும். பக்ரீத் வாழ்த்துகள்.

அண்ணி, இந்தக் கடிதத்தை அண்ணனுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள். அவர் எழுந்து போனால் பின்னாலேயே போய்ப் படியுங்கள், முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை.

அண்ணா, அஃப்சருன்னிசா செய்ததை அசட்டுத்தனம் என்று உங்களுக்கு எழுதினேன் இல்லையா? அது தப்பு. அதைப் படித்த பிறகு நீங்கள் எப்படி என்னிடம் உண்மையைச் சொல்வீர்கள்? வேலை போய்விடும் என்று பயப்படுபவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நீயேன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? மன்னித்துவிடுங்கள். ஷஃபியுல்லாவுக்குப் போன் செய்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இப்போது நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இருபத்துமூன்றாம் தேதி இரண்டு பேரும் ரயில் ஏறுகிறீர்கள். ஆழ்வார்பேட்டையில் டாக்டர் ஷ்ரேயா காத்திருப்பார். முதலில் ஒரு கண், மூன்று வாரம் கழித்து அடுத்த கண். இந்த ஐந்து மாதத்தில் எங்கள் குடியிருப்பிலிருந்து நாற்பத்தாறு பேர் இதே ஆபரேஷனுக்குப் போய், தாங்களாகவே மாடி ஏறி வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களில் இரண்டு பேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். வந்தால் அவர்களிடமே கேளுங்கள்.

உங்களை நான் பரிசோதிக்கமாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் மாட்டேன். அஃப்சருன்னிசா வருவார். "மாட்டிக்கினவங்க வலி மாட்டிக்கினவங்களுக்குத்தான் தெரியும், நீ வராதே" என்று சொல்லிவிட்டார்.

உங்கள்
ஷகீலா

*

ஆம்பூர்
6.9.2025

அன்புத் தங்கை ஷகீலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மூவரும் சுகம். மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல். அஃப்சருன்னிசா அம்மாவுக்கு உன் அண்ணி மக்கன் பேடா அனுப்பியிருக்கிறாள். உனக்கு இல்லை, நீ குண்டாகிவிட்டாய். இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

உன் வீட்டில் ஐந்து வாரம் இருந்தேன். நீ சொட்டு மருந்து விட்டாய், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இதையெல்லாம் பேச வாய் வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

ஜனவரியில் நீ கேட்டதற்கு இப்போது பதில். அன்றைக்கு நம்பர் தெரியவில்லை. பஸ் சிவப்பு என்று மட்டும் தெரிந்தது. அதற்கு முன்பே ஒன்றரை வருடமாகத் தெரியவில்லை. கம்பெனியில் சொன்னால் அன்றோடு வண்டி போய்விடும், ரூஹி படிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. என் சாவியைப் பறித்தவள் நீ என்று இரண்டு மாதம் உன்னை மனதுக்குள் திட்டினேன். அந்த சார்ட்டை எனக்கு எழுதினாயே, அதற்காகத் திட்டவே இல்லை பார். மனிதன் எவ்வளவு சௌகரியமாகக் கோபப்படுகிறான்!

போன வாரம் ஷஃபியுல்லா மறுபடி பார்த்தான். இங்கேயும் இப்போது எல்லோருக்கும் உன் சீப்பு சார்ட்தான், நீ தலைமை அலுவலகத்தை விடவில்லை போல. ஷகீலா, அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பார்த்துச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும்.

திங்கட்கிழமை சாவி கொடுத்தார்கள். காலையில் முதல் நிறுத்தத்தில் தங்கம் ஏறி வழக்கம்போல முன் சீட்டில் உட்கார்ந்தது. ரயில்வே கேட்டுக்கு முன்னால், "பாய் அண்ணே, மேடு வருது" என்றது.

"தெரியுதும்மா. மேட்டுக்கு அந்தாண்ட ஒரு வெள்ளாடு நிக்குது, அதும் தெரியுது" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கேட் தாண்டியதும் தங்கத்தின் குரலைக் காணோமே என்று திரும்பிப் பார்த்தேன். அது தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தது. கம்பெனி வாசலில் நான் எழுப்புகிற வரைக்கும் தூங்கியது.

உன் அண்ணன்,
உபைத்